நிழலுக்கு நிறம் தந்தவர்

நுழையும்முன்

முகத்தில் கண் இல்லை, புன்னகை இல்லை, கண்ணீரும் இல்லை. கறுப்பு அட்டையில் வெட்டப்பட்ட உருவங்கள் மட்டுமே உண்டு. அவற்றைக்கொண்டு ஒரு மணி நேரத்திற்கும் மேலாக ஓடும் திரைப்படமொன்றை ஓர் இளம்பெண் உருவாக்கினார். பெரிய படநிறுவனம் எதுவும் அவருக்குப் பின்புலமாக இல்லை. உருவங்களால் சொல்ல இயலாதவற்றை அவற்றின் பின்னணியும் நிறமும் சொல்லின. அசைவூட்டப்பட வரலாற்றின் முன்னோடிகளுள் ஒருவராகிய லோட்டே ரைனிகரின் வாழ்க்கை இப்பாடமாக அமைகிறது.

கத்தரிக்கோலோடு வளர்ந்தவர்

ஜெர்மனியின் தலைநகரான பெர்லினை அடுத்திருந்த சார்லட்டன்பர்க்கில், 1899ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் லோட்டே ரைனிகர் பிறந்தார். ஒருவரின் பக்கத்தோற்றத்தைக் கறுப்புத் தாளில் வெட்டியெடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டும் நிழலுருக்கலை, ஐரோப்பிய இல்லங்களில் அந்நாளில் நன்கு அறியப்பட்டிருந்தது. சிறுமி ரைனிகரின் விரல்களுக்கு அக்கலை எளிதாக வசப்பட்டது. தாளில் கோடு வரைந்துகொள்ளாமல், கத்தரிக்கோலையே எழுதுகோலாகக் கொண்டு உருவங்களை வெட்டினார். வெட்டிய உருவங்களை வைத்து வீட்டிலேயே நிழற்பாவைக் கூத்து நடத்தினார்.

திரைப்படம் அப்போது வளர்ந்துவரும் புதுக்கலை. பிரெஞ்சுக் கலைஞர் ழார்ழ் மெலியேவின் மாயக்காட்சிப் படங்கள் ரைனிகரின் உள்ளத்தைக் கவர்ந்தன. 1915ஆம் ஆண்டில், நடிகரும் இயக்குநருமான பால் வேகனர் திரைப்படத்தின் கற்பனை ஆற்றலைப்பற்றி ஆற்றிய உரையைக் கேட்டார். மேடையில் நிகழ்த்த இயலாத அற்புதங்களை ஒளிப்படச் சுருளில் நிகழ்த்தலாம் என்னும் எண்ணம் அவருள் வேரூன்றியது. வேகனர் சார்ந்திருந்த மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் நாடகப் பள்ளியில், பெற்றோரை இசையச்செய்து சேர்ந்தார். மேடையின் ஓரத்தில் நின்றபடி நடிகர்களின் உருவங்களைத் தாளில் வெட்டினார். ஒரு நடிகரின் நிற்கும் நிலையையும் கையசைவையும் கொண்டே அவர் இன்னார் என அறியுமாறு அவை அமைந்தன. வேகனரின் பார்வை அவர்மீது விழுந்தது.

மர எலிகள் கற்பித்த பாடம்

1918ஆம் ஆண்டில் வேகனர், குழலூதி எலிகளை ஊரைவிட்டு அழைத்துச்செல்லும் ஹாமலின் நகரக் கதையைப் படமாக்கினார். அப்படத்தின் தலைப்பு அட்டைகளுக்குரிய நிழலுருக்களை ரைனிகர் உருவாக்கித் தந்தார். உண்மையான எலிகளோ படப்பிடிப்பில் குழலோசைக்கு அடங்கவில்லை, திசைக்கொன்றாக ஓடின. ஆதலின், மரத்தால் எலிகளைச் செய்து, அவற்றைச் சிறிது நகர்த்தி ஒரு படம், மீண்டும் சிறிது நகர்த்தி ஒரு படம் என எடுக்க வேண்டியதாயிற்று. அப்பணியில் ரைனிகரும் உதவினார். உயிரற்ற பொருளைப் பொறுமையால் உயிருள்ளதாகத் தோன்றச்செய்யலாம் என்பதை அவர் கைப்பட அறிந்துகொண்ட இடம் அதுவே.

வேகனரின் பரிந்துரையால், பெர்லினில் இயங்கிய பண்பாட்டு ஆய்வு நிறுவனமொன்றின் இளம் படக்கலைஞர்களோடு ரைனிகருக்குத் தொடர்பு ஏற்பட்டது. 1919ஆம் ஆண்டில் தம் முதற்படத்தை அங்கு உருவாக்கினார். காதலர் இருவரும் அவர்களிடையே ஓர் அலங்கார வடிவமும் மட்டுமே அக்குறும்படத்தில் இடம்பெற்றன. காதலரின் மனநிலை மாறுந்தோறும் அவ்வடிவம் தன் உருவை மாற்றிக்கொண்டது. பாத்திரத்தின் உணர்வைப் பாத்திரத்திற்குப் புறத்தே நிற்கும் ஒன்றின் வழியாகக் காட்டும் இம்முறை, அவருடைய வாழ்நாள் கலைக்கு அடித்தளமாயிற்று. அந்நிறுவனத்தில் அறிமுகமான கார்ல் கோக் என்பவரை 1921இல் மணந்தார். ரைனிகரின் படங்களுக்கு ஒளிப்பதிவையும் தொழில்நுட்பத்தையும் கவனித்துக்கொள்ளும் துணைவராகக் கோக் விளங்கினார்.

வங்கியாளர் தந்த படச்சுருள்

முதல் உலகப்போருக்குப்பின் ஜெர்மனியின் பணம் நாளுக்குநாள் மதிப்பிழந்தது. 1923ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4.2 இலட்சம் கோடி மார்க் தரவேண்டிய நிலை ஏற்பட்டது. பணமாக வைத்திருந்தால் கரைந்துபோகும் என அஞ்சியோர் அதனைப் பொருளாக மாற்றினர். லூயி ஹாகன் என்னும் வங்கியாளர் பதிவு செய்யப்படாத படச்சுருளைப் பெருமளவில் வாங்கி வைத்திருந்தார். ரைனிகரின் கலையில் ஈடுபாடு கொண்டிருந்த அவர், அச்சுருளைக்கொண்டு முழுநீள அசைவூட்டப்படம் ஒன்றை உருவாக்கலாமே என்று கேட்டார்.

அக்காலத்தில் அசைவூட்டப்படம் என்பது சில நிமிடங்கள் ஓடிச் சிரிப்பூட்டும் சிறு துணுக்கு. ஒரு மணி நேரம் மக்களை அமரவைத்துக் கதைசொல்ல அது தாங்குமா என்று திரைத்துறையினர் ஐயுற்றனர். ரைனிகரும் கோக்கும் அத்துறையின் பெருநிறுவனங்களைச் சார்ந்தவர் அல்லர். ஆதலால் எவரிடமும் ஒப்புதல் பெறவேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. 24 வயதான ரைனிகர் அவ்வழைப்பை ஏற்றார். ஆயிரத்தோர் இரவுகள் கதைத்தொகுதியிலிருந்து பறக்கும் குதிரை, மந்திரவாதி, அலாவுதீனின் விளக்கு, வாக்வாக் தீவின் தலைவி பேரி பானு ஆகியோரைத் தேர்ந்து, இளவரசர் அகமதின் சாகசங்களாகக் கதையைக் கோத்தார்.

கண்ணாடிமேல் விரிந்த உலகம்

பொட்ஸ்டாம் நகரில் இருந்த ஹாகனின் வீட்டில், மோட்டார் வண்டிக் கொட்டகையின் மேல்தளமே படப்பிடிப்புக்கூடம் ஆயிற்று. கூரை தாழ்வாக இருந்தமையால், படப்பிடிப்பு மேசையையும் தாழ்வாக அமைக்க வேண்டியிருந்தது. பழைய மோட்டார் வண்டியொன்றின் இருக்கையில் முழந்தாளிட்டவாறு ரைனிகர் மணிக்கணக்கில் பணியாற்றினார்.

மேசையின் நடுவில் கண்ணாடித் தகடு. அதன் அடியில் விளக்கு. கூரையோரத்தில் கீழ்நோக்கிப் பொருத்தப்பட்ட ஒளிப்படக் கருவி. இவையே அக்கூடத்தின் முதன்மைக் கருவிகள். கறுப்பு அட்டையிலும் மெல்லிய ஈயத் தகட்டிலும் வெட்டப்பட்ட உருவங்களின் கை, கால், கழுத்து ஆகியவை தனித்தனித் துண்டுகளாகச் செய்யப்பட்டு, மெல்லிய கம்பியால் மூட்டப்பட்டிருந்தன. ஈயத்தின் எடை அவற்றைக் கண்ணாடியின்மேல் அசையாது படுக்கச்செய்தது. ஓர் உருவத்தை இம்மியளவு நகர்த்துவார், கருவி ஒரு படம் எடுக்கும், மீண்டும் நகர்த்துவார். திரையில் ஒரு நொடி அசைவுக்கு 24 படங்கள் வேண்டும். ஏறத்தாழ 65 நிமிடம் ஓடும் இப்படத்திற்கு 90,000க்கும் மேற்பட்ட படங்கள் தேவைப்பட்டன. 1923இல் தொடங்கிய பணி 1926இல்தான் முடிவுற்றது.

இம்மூன்றாண்டுப் பணியில் சிறு குழுவொன்று ரைனிகருக்குத் துணைநின்றது. வால்டர் ருட்மன் மந்திரக் காட்சிகளுக்கான ஒளிப்பின்னல்களையும் புகைபோன்ற வடிவங்களையும் உருவாக்கினார். பெர்த்தோல்ட் பார்டோஷ் கடலலைகளையும் விண்மீன் நிறைந்த வானத்தையும் அமைத்தார். அலெக்சாண்டர் கார்டன், வால்டர் டியூர்க் ஆகியோரும் உடன் உழைத்தனர். வோல்ஃப்காங் செல்லர் படத்திற்கென்றே இசையமைத்தார்.

தாள்களால் ஆன தொலைவு

நிழலுருவுக்கு ஒரு பெரும் வரம்பு உண்டு. அதன் முகத்தில் உணர்ச்சியைத் தீட்ட இயலாது. உடலின் வளைவும் கையின் அசைவும் ஓரளவே பேசும். எஞ்சியதைப் பின்னணியே பேசியாக வேண்டும். மேலும், கறுப்புருவம் தெளிவாகத் தெரிய அதன் பின்னே ஒளி வேண்டும். பின்னணி இருண்டால் உருவம் அதனுள் மூழ்கிவிடும். பின்னணி மிகுதியாக ஒளிர்ந்தாலோ, காட்சி ஆழமிழந்து தட்டையாகிவிடும். இவ்விரண்டுக்கும் இடையில் வழிகாண்பதே ரைனிகரின் முன்நின்ற சிக்கல்.

அவர் கண்ட விடை மிக எளிய பொருளில் இருந்தது. ஒளி ஊடுருவும் மெல்லிய தாள்களை வேண்டிய வடிவில் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ஒரு தாள் அடியிலிருந்து வரும் ஒளியைச் சற்றே தடுக்கும். இரண்டு தாள்கள் மேலும் தடுக்கும். தாள்கள் கூடக்கூடச் சாம்பல் நிறம் அடர்ந்துகொண்டே போகும். தொலைவிலுள்ள மலைக்கு ஒரு தாள், நடுவிலுள்ள நகரத்திற்குச் சில தாள்கள், அருகிலுள்ள மரத்திற்கு முழுக் கறுப்பு அட்டை என அமைத்தபோது, தட்டையான கண்ணாடியில் தொலைவும் ஆழமும் தோன்றின. மலைத்தொடரை நோக்கும் நம் கண்ணுக்கும் அருகிலுள்ள மலை அடர்ந்தும், அடுத்தடுத்துள்ளவை மங்கியும் தெரிவதை நினைவிற்கொண்டால் இம்முறையின் நுட்பம் விளங்கும்.

உருவம் நடமாடும் இடத்தை அவர் எப்போதும் ஒளியுடையதாக வைத்துக்கொண்டார். வளைவு வாயில்கள், கொடிகள், திரைச்சீலைகள், பின்னல் வேலைப்பாடுடைய சாளரங்கள் ஆகியவற்றைக் கறுப்பாக வெட்டிக் காட்சியின் ஓரங்களில் நிறுத்தினார். அவை பார்வையாளரின் கண்ணை நடுவிலுள்ள ஒளியை நோக்கி இட்டுச்சென்றன. பேரி பானு தோழியரோடு நீராடும் ஏரிக்காட்சியில் செடிகொடிகளின் கரிய விளிம்புகளுக்கிடையே நீர்ப்பரப்பு ஒளிர்கிறது. பின்னணி அங்கு வெறும் இடமாக நிற்கவில்லை. மறைந்திருந்து காணும் அகமதின் வியப்பாகவும் ஆகிவிடுகிறது.

சில காட்சிகளுக்கு ஒரு கண்ணாடித் தகடு போதவில்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக இடைவெளிவிட்டுத் தகடுகளை அமைத்து, மேல்தகட்டில் உருவங்களையும் கீழ்த்தகட்டில் பின்னணியையும் வைத்துத் தனித்தனியே இயக்கினர். அமெரிக்காவில் வால்ட் டிஸ்னியின் நிறுவனம் பல தளப் படக்கருவியைப் பயன்படுத்திப் புகழ்பெற்றது 1937ஆம் ஆண்டில். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, கொட்டகையின் மேல்தளத்தில் ஒரு சிறு குழு அவ்வெண்ணத்தைச் செயற்படுத்தியிருந்தது.

சாயத்தில் பிறந்த வண்ணம்

அந்நாளில் படச்சுருள் கறுப்பு வெள்ளையில் மட்டுமே ஒளியைப் பதிவுசெய்தது. வண்ணம் வேண்டுவோர், திரையிடுவதற்கு உரிய படச்சுருளைச் சாயத்தில் தோய்த்தெடுத்தனர். இரவுக்காட்சிக்கு நீலமும் விளக்கொளிக்கு மஞ்சளும் தீக்குச் சிவப்பும் ஏற்றுவது மௌனப்படக் கால வழக்கம். ஒரு காட்சி முழுவதற்கும் ஒரே நிறந்தான் கிடைக்கும். நடிகர் நடிக்கும் படங்களில் இது குறையாகவே தோன்றியது. முகமும் ஆடையும் சுவரும் வானும் ஒருங்கே நீலமாகிவிடும்.

ரைனிகரின் படத்திலோ அக்குறையே நிறைவாக மாறியது. சாயம் படச்சுருளில் ஒளி ஊடுருவும் பகுதிகளில் மட்டுமே தன் நிறத்தைக் காட்டும்; கறுப்பு கறுப்பாகவே நிற்கும். எனவே, உருவங்கள் தம் கூர்மை குன்றாதிருக்க, அவற்றின் பின்னுள்ள உலகம் மட்டும் நிறம் கொண்டது. மெல்லிய தாள்களால் ஏற்கெனவே பல சாயலாகப் பிரிக்கப்பட்டிருந்த சாம்பல் நிறம், சாயம் ஏறியதும் ஒரே வண்ணத்தின் பல படிநிலைகளாக மாறியது. ஒற்றை நீலத்துக்குள் வெளிர்நீல வானும் அடர்நீல மலையும் தோன்றின. காட்சி மாறி நிறமும் மாறும்போது, பாத்திரத்தின் முகத்தில் காணமுடியாத அச்சமும் ஆவலும் மகிழ்ச்சியும் திரை முழுவதும் பரவின.

இதற்கான உழைப்பு எளிதன்று. வேறுவேறு நிறம் பெறவேண்டிய காட்சிகளைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்துச் சாயமேற்றிய பின்னரே வரிசைப்படி இணைக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் இவ்வேலையைப் புதிதாகச் செய்ய வேண்டும். வண்ணம் மூலச்சுருளில் இல்லை; திரையிடும் படியில் மட்டுமே வாழ்ந்தது. பின்னாளில் இவ்வுண்மையே பேரிழப்புக்குக் காரணமாயிற்று.

திரையேறிய நாள்

முழுநீள அசைவூட்டப்படத்தைத் திரையிடத் தொடக்கத்தில் திரையரங்குகள் தயங்கின. படக்குழுவினர் தாமே முயன்று, 1926ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் பெர்லினின் ஃபோல்க்ஸ்பூனே நாடக அரங்கில் முதற்காட்சியை நடத்தினர். அதே ஆண்டில் படம் பாரிஸ் நகருக்குச் சென்றது. இயக்குநர் ழான் ரெனுவார் உள்ளிட்ட கலைஞர்கள் அதனைப் பாராட்டி வரவேற்றனர். ரெனுவார், ரைனிகர் குடும்பத்தின் வாழ்நாள் நண்பரானார்.

அர்ஜென்டினாவில் 1917ஆம் ஆண்டிலேயே முழுநீள அசைவூட்டப்படம் ஒன்று உருவாக்கப்பட்டது. ஆயினும் அதன் படிகள் அழிந்துபோயின. இன்று நம் கைக்குக் கிடைக்கும் முழுநீள அசைவூட்டப்படங்களுள் மிகப் பழையது இளவரசர் அகமதின் கதையே.

நாடு நாடாக அலைந்த ஆண்டுகள்

1933இல் ஜெர்மனியில் இட்லரின் ஆட்சி ஏற்பட்டது. இடதுசாரிச் சிந்தனையுடைய ரைனிகரும் கோக்கும் அங்கு வாழ விரும்பவில்லை. ஆனால், எந்த நாடும் அவர்களுக்கு நிலையான குடியிருப்பு உரிமை வழங்கவில்லை. நுழைவு இசைவு முடியுந்தோறும் இடம்பெயர்ந்து, இங்கிலாந்து, பிரான்சு, இத்தாலி என அலைந்தனர். சென்ற இடமெல்லாம் கத்தரிக்கோலும் உடன்சென்றது. 1938இல் ரெனுவாரின் படமொன்றுக்காக நிழற்கூத்துக் காட்சி ஒன்றை அமைத்தார் ரைனிகர். நோயுற்ற தாயைப் பேணும்பொருட்டு 1944ஆம் ஆண்டு போர்ச்சூழலிலும் பெர்லினுக்குத் திரும்ப நேர்ந்தது.

1945இல் பெர்லினில் நடந்த போரில் அகமது படத்தின் மூலச்சுருள் அழிந்தது. மூன்றாண்டு உழைப்பின் தாய்ப்படி மறைந்தது. பிற்காலத்தில் மக்கள் காணக்கிடைத்த படிகள் கறுப்பு வெள்ளையாகவே இருந்தன. இரவின் நீலமும் தீயின் சிவப்பும் அற்ற அகமதின் கதையையே அடுத்த தலைமுறையினர் கண்டனர்.

வண்ணத்தை நோக்கி மீண்டும்

1949இல் ரைனிகரும் கோக்கும் இலண்டனில் குடியேறினர். வங்கியாளர் ஹாகனின் மகனும் நாட்சி ஆட்சியின் கொடுமைக்குத் தப்பி இங்கிலாந்தில் வாழ்ந்துவந்தார். எந்த வீட்டின் கொட்டகைமேல் அகமது உருவானானோ, அவ்வீட்டில் வளர்ந்த அவரோடு இணைந்து, 1953ஆம் ஆண்டுமுதல் குழந்தைகளுக்கான தேவதைக் கதைகளைப் படமாக்கினார் ரைனிகர். அவற்றுள் வீரத் தையற்காரனின் கதை 1955ஆம் ஆண்டு வெனிஸ் விழாவில் பரிசு பெற்றது.

அதற்குள் வண்ணப் படச்சுருள் பரவலாகியிருந்தது. சாயத்தில் தோய்க்கும் தேவை நீங்கி, ஒரே காட்சியில் பல வண்ணங்களைக் காட்டும் வாய்ப்பு வந்தது. தம் உருவங்களுக்கும் முகம் தீட்டிக் கண் எழுதி வண்ண ஆடை உடுத்த ரைனிகர் விரைந்திருக்கலாம். அவர் அவ்வழியை நாடாமல், உருவங்களைக் கறுப்பாகவே நிறுத்திப் பின்னணியை வண்ணமாக்கினார். மாயஅவரைக் கொடியேறும் சிறுவனின் கதையைச் சொல்லும் 1955ஆம் ஆண்டுப் படம் அவ்வகையில் உருவானது. எந்தப் புதுமையை ஏற்பது, எதை விலக்குவது என்னும் தெளிவே கலைஞரின் தனித்தன்மையைக் காக்கிறது என்பதற்கு அப்படம் சான்று.

1963ஆம் ஆண்டில் கார்ல் கோக் மறைந்தார். நாற்பதாண்டுத் துணையை இழந்த ரைனிகர், படமெடுப்பதிலிருந்து நெடுங்காலம் விலகியிருந்தார். உலகம் அவரை மீண்டும் தேடிவந்தது 1970களில். தம் கலையின் நுணுக்கங்களை விளக்கும் நூலை 1970இல் வெளியிட்டார். கனடா நாட்டின் தேசியத் திரைப்பட வாரியத்திற்காக, பிரெஞ்சு இடைக்காலக் காதல் கதையொன்றை 1975இல் படமாக்கினார். எழுபத்தைந்து வயதைக் கடந்த அக்கைகள், ஒளி ஊடுருவும் வண்ணத் தாள்களை அடுக்கி, தேவாலயச் சாளரங்களின் வண்ணக்கண்ணாடிபோல் ஒளிரும் பின்னணிகளைப் படைத்தன. நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களை அளித்த லோட்டே ரைனிகர், 1981ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் ஜெர்மனியின் டெட்டன்ஹவுசன் என்னும் ஊரில் மறைந்தார்.

மீண்ட நிறங்கள்

அகமதின் கதை அவரோடு முடியவில்லை. எஞ்சியிருந்த பழைய நைட்ரேட் படச்சுருளைக் கொண்டு, ஜெர்மானிய, பிரித்தானியக் காப்பகத்தார் 1998, 1999ஆம் ஆண்டுகளில் படத்தைச் சீரமைத்தனர். கறுப்பு வெள்ளைப் பதிவை வண்ணச் சுருளில் படியெடுக்கும்போது, உரிய நிற ஒளியையும் அதன்மீது பாய்ச்சிப் பழைய சாயத்தின் தோற்றத்தை மீட்டெடுத்தனர். வாக்வாக் தீவும் தீமலையும் பறக்கும் குதிரை கடந்த வானும் தம் நிறங்களை மீண்டும் பெற்றன. இப்பணி நிறைவுற்றபோது ரைனிகர் மறைந்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பெருஞ்செல்வமும் பெருநிறுவனமும் இல்லாத இடத்தில், தாளும் ஈயத் தகடும் கண்ணாடியும் சாயமும் கொண்டு அவர் ஓர் உலகைப் படைத்தார். நிழலுருவின் வரம்பை அவர் மறைக்கவில்லை. அதனை ஏற்றுக்கொண்டு, அவ்வுருவின் பின்னே நிற்கும் ஒளிக்கும் நிறத்திற்கும் பேசக் கற்றுக்கொடுத்தார். பின்னணி என்பது பாத்திரம் நிற்கும் இடம் மட்டுமன்று, பாத்திரத்தின் மனமும் அதுவே என்பதை அவர் படங்கள் இன்றும் காட்டிக்கொண்டிருக்கின்றன.